லிண்டன் மரத்தில் விதோமிரின் முகம்

எங்கள் ஊரில் யார் செத்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். ஸ்டேடிய வாசலில் இருக்கிற லிண்டன் மரத்தடியில்தான் என் ஸ்டூல், என் கூடை, வறுத்த பூசணி விதை, சூரியகாந்தி விதை எல்லாம். இரங்கல் தாள் ஒட்டுகிறவர்களுக்கும் அந்த மரம்தான் வசதி. கறுப்புக் கரை போட்ட தாள், மேலே சிலுவை, நடுவில் புகைப்படம், கீழே பேரும் வயதும் அடக்கம் எத்தனை மணிக்கு என்பதும். முப்பது வருஷத்தில் அந்த மரத்தில் எத்தனை முகங்கள் ஏறி மழையில் கரைந்து போயின என்று எண்ணிக்கொண்டிருந்தால் நான் விதை விற்க முடியாது.

ஆனால் உயிரோடு இருக்கிறவன் முகத்தை அங்கே பார்த்தது அந்த ஒரு சீசனில்தான். செப்டம்பர் மாதம், வரிசையாக ஐந்தாவது ஆட்டம் தோற்ற மறுநாள் காலை. எங்கள் கோச் ஸ்லாவோல்யூப்பின் படம். வயது நாற்பத்தாறு. செத்த தேதி எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. அடையாள அட்டைக்காக கிளப்பில் எடுத்த அதே படம்தான் என்பது பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரசிகர்களின் விளையாட்டு என்று சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். முந்தின வாரம்தான் அந்தக் கோச், கிளப் தலைவர் கொடுத்த பதினொரு பேர் பட்டியலைக் கிழித்துப் போட்டிருந்தார். மூன்றாம் நாள் மனைவி மக்களோடு ஊரைவிட்டே போய்விட்டார்.

அந்தத் தாளை மரத்திலிருந்து எடுத்தவன் விதோமிர். கிழிக்கவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"குப்பையில போடேன்டா, பீடை," என்றேன்.

"முகம் இருக்குக்கா. முகத்த எப்படிக் குப்பையில போடறது?" என்றான்.

அவன் அப்படித்தான். அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் கால்பந்து அணியின் பேர் ஸ்லோகா. ஒற்றுமை என்று அர்த்தம். பேர் வைத்தவன் நல்ல குசும்புக்காரன். ஆடுவது முதல் லீக்கில். முதல் லீக் என்றால் நாட்டில் இரண்டாவது, அதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது. பதினாறு அணி, முப்பது ஆட்டம், கடைசி நான்கு அணிகள் கீழே விழும். கீழே விழுந்தால் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் ஆட வேண்டும் என்பார்கள். எங்கள் லுக்கோவிஷ்தே மாதிரி ஊரில், தோல் தொழிற்சாலை மூடின பிறகு, சனிக்கிழமை மத்தியானம் வீட்டைவிட்டு வெளியே வர மனிதர்களுக்கு இருந்த ஒரே காரணம் அந்த ஆட்டம்தான். எனக்குப் பிழைப்பும் அதுதான்.

விதோமிருக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த அணியின் துணிமணிக்காரன். முப்பத்தொரு வருஷமாகச் சட்டை துவைக்கிறான், பூட்ஸ் துடைக்கிறான், பந்துக்குக் காற்றடிக்கிறான். அவனும் மனைவி தெசாங்காவும் மேற்கு ஸ்டாண்டுக்கு அடியில் இரண்டு அறையில் குடியிருந்தார்கள். கோல் விழுந்தால் கூரை அதிர்ந்து தெசாங்காவின் காப்பியில் காரை உதிரும். "நம்ம ஆளுங்க ஆடற ஆட்டத்துக்குக் காரை உதிர்ற ஆபத்தே இல்லக்கா," என்பாள் அவள். பிள்ளைகள் இல்லை. அவர்களுடைய சலவை அறை ஜன்னல் சரியாக என் ஸ்டூலுக்குப் பின்னால். முப்பது வருஷம் அந்த ஜன்னல் வழியாகத்தான் காப்பியும் வம்பும் எனக்கு வந்தன.

அவன் வேலை செய்கிற விதமே தனி. கோல்கீப்பர் சட்டையை மற்ற சட்டைகளோடு சேர்த்து இயந்திரத்தில் போட மாட்டான். கையால் தனியாகத் துவைப்பான். கேட்டால், "அவன் தனியா நிக்கறவன். தனியாத்தான் துவைக்கணும்," என்பான். வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ் கிளம்பும்போது தெசாங்கா ஒரு வாளித் தண்ணீரைப் பஸ்ஸுக்குப் பின்னால் ரோட்டில் ஊற்றுவாள். போகிறவர்களின் வழி தண்ணீர் மாதிரி தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக. ஒரு ஆட்டம் தவறியதில்லை.

இத்தனை பேருக்குத் துவைத்தவனை மதித்தவன் ஒருத்தன் உண்டென்றால், அது நெபோய்ஷா. எங்கள் அணியில்தான் கோல்கீப்பராக இருந்தான். கல்யாணம் வந்தபோது, யாரைக் கூமாக நிறுத்துவான் என்று ஊரே காத்திருந்தது. கூம் என்றால் சும்மா இல்லை. கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சியாகிறவன், பிறக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் பேர் வைக்கிறவன். ரத்த சொந்தம்கூட அதற்கு அடுத்துதான். இருவரும் ஒருவரையொருவர் கூம் என்றுதான் கூப்பிடுவார்கள். கூம் என்பவன் சட்டைப் பொத்தான் இல்லை, அறுந்தால் வேறு தைத்துக்கொள்ள, என்று எங்களில் ஒரு பேச்சு உண்டு. கிளப் தலைவர் மியோத்ராக், தன்னைத்தான் கேட்பான் என்று புது கோட்டே தைத்து வைத்திருந்தார். நெபோய்ஷா சலவை அறைக்குள் போய், ஈரக் கையோடு நின்ற விதோமிரைக் கேட்டான். கூமாக நிற்கக் கேட்டால் மறுக்கக் கூடாது. விதோமிர் மறுக்கவில்லை, அன்று முழுக்க அழுதான். அடுத்த வருஷம் பிறந்த பெண் குழந்தைக்கு தூன்யா என்று பேர் வைத்தவனும் அவன்தான்.

அந்தப் புது கோட்டு விஷயத்தை மியோத்ராக் மறந்திருப்பார் என்று நினைத்தவர்கள் அவரைத் தெரியாதவர்கள். மொராவா ஆற்றில் சரளை தோண்டுகிற முதலாளி அவர். அவருடைய லாரிகள் போகும்போது என் கூடையில் விதை குதிக்கும். மனிதர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும்.

இரண்டு வருஷம் கழித்து நெபோய்ஷா மலைக்கு அந்தப் பக்கம் யெலாவ்ட்ஸி அணிக்குப் போனான். நான் சொல்லிக்கொண்டிருக்கிற சீசனில் அவனுக்கு முப்பத்துநாலு வயது. எங்கள் அணி கிணற்றுக்குள் விழுந்த கல் மாதிரி இறங்கிக்கொண்டிருக்க, யெலாவ்ட்ஸி மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் உச்ச லீக். பதினாறு வருஷம் சேற்றிலும் பனியிலும் புரண்டவனுக்கு, பெரிய ஸ்டேடியத்தில் ஒரு தடவையாவது நிற்க அதுதான் கடைசி வாய்ப்பு.

டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள். விதோமிர் வீட்டுக் குலப்புனிதர் அவர். அன்றைக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் எங்களில் இல்லை. வந்தவரை யாரும் திருப்பி அனுப்புவதும் இல்லை. கதவு திறந்தே இருக்கும். வீட்டுக்காரன் நாள் முழுக்க உட்காரக் கூடாது, நின்று பரிமாற வேண்டும். நெபோய்ஷா குடும்பத்தோடு நாலு மணி நேரம் காரோட்டிக் காலையிலேயே வந்துவிட்டான். தெசாங்கா மீன் பொரித்திருந்தாள், அடுப்பில் வேகவைத்த பீன்ஸ், சர்க்கரையோடு வேகவைத்துப் புனிதருக்குப் படைத்த கோதுமை. ஆறு வயது தூன்யா என் மடியில் உட்கார்ந்து விதை உரித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

மத்தியானம் மியோத்ராக் வந்தார், கூட இரண்டு பேர். அதுவரை ஒரு வருஷமும் வந்ததில்லை. வாசலில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, முறைப்படி ஒரு ஸ்பூன் கோதுமை எடுத்துத் தின்று, மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"விதா, நீயும் உக்காரு."

"இன்னைக்கு நான் உக்காரக் கூடாது முதலாளி."

"ஆமாமா. இன்னைக்கு நீ எல்லாருக்கும் வேலைக்காரன்." சிரித்தார். நெபோய்ஷா பக்கம் திரும்பினார். "என்ன கோல்கீப்பர், மேல போறீங்களாமே? என்னைக் கூமாக் கேட்டிருந்தா இந்நேரம் பெல்கிரேடுலயே ஆடிட்டிருப்ப."

"நான் நிக்கற எடமே போதும் முதலாளி," என்றான் நெபோய்ஷா.

"போதும், போதும். கூம் நல்ல கூமா அமைஞ்சா எல்லாம் போதும்." அவர் கண் சுவரில் மாட்டியிருந்த ஆட்ட அட்டவணைக்குப் போனது. எழுந்து போய், விரலால் முப்பது வரியையும் கீழே தடவிக்கொண்டே வந்து கடைசி வரியில் நிறுத்தினார். மே மாதம் கடைசி சனிக்கிழமை, எங்கள் மைதானம், யெலாவ்ட்ஸியோடு. அந்த வரியில் நகத்தை வைத்து அழுத்தினார். "கடைசியில நம்ம வீட்டுக்குத்தான் வரப்போற," என்றார்.

அவர் போன பிறகு தெசாங்கா மேசையைத் துடைத்தாள். காகிதத்தில் நகம் பதிந்த தடம் இருந்தது. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்களே, அன்று எனக்கு மணியோசை கேட்டது. மீன் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

பனி உருகி மார்ச்சில் ஆட்டம் மறுபடி தொடங்கியது. புதுக் கோச், கிளப் தலைவர் சொன்ன பதினொரு பேரையே இறக்கினார், அதிலும் தோற்றோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரிய கறுப்பு வண்டி வந்து நின்றது. மியோத்ராக் சலவை அறைக்குள் போனார். ஜன்னல் பாதி திறந்திருந்தது. நான் விதையைப் புடைப்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"விதா, உன் கூம் உன்ன மதிக்கிறானா?"

"மதிக்கிறான் முதலாளி."

"நீ ஒன்னு கேட்டா மாட்டேன்னு சொல்லுவானா?"

இயந்திரத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு விதோமிர் சொன்னான்: "கூம் கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க முதலாளி. அதனாலதான் கேக்கக் கூடாது."

"நான் என்ன கேக்கச் சொன்னேன்? ஒன்னுமே சொல்லலியே." குரல் தாழ்ந்துகொண்டே போனது; நான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. "செவுத்துல ஈரம் ஏறியிருக்கு பாரு. நாம கீழ விழுந்தா இந்த ஸ்டாண்டு எதுக்கு? இடிச்சிட்டு லாரி நிறுத்தலாம். தெசாங்காவுக்கு மூட்டு வலி வேற. வாடகை வீடுன்னா மாடிப்படி ஏறணும். அவ எப்படி ஏறுவா? அதத்தான் நெனச்சிட்டிருந்தேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வண்டி போன பிறகு விதோமிர் ஜன்னலுக்கு வந்தான். கையில் பிழியாத சட்டை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன்."

"நான் கேக்க மாட்டேன்."

"வீடு போயிடும்டா."

"போகட்டும். அவன் பதினாறு வருஷம் காத்திருக்கான். நான் கேட்டா ஆட்டத்த விட்டுக் குடுத்துருவான்க்கா, அதான் பயமா இருக்கு. காலத் தாடான்னா கழட்டிக் குடுத்துருவான்." சட்டையை முறுக்கினான். "சீசன் முடியற வரைக்கும் அவன் வீட்டுப் பக்கமே போகப்போறதில்ல. போன்லகூடப் பேச மாட்டேன். நாளைக்கு யாராவது விசாரிச்சா, ரெண்டு மாசமா ஒரு வார்த்தை பேசலன்னு பைபிள்ல கைய வச்சுச் சொல்லணும் நான்."

அதுதான் சரி என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

நெபோய்ஷா போன் செய்தான். விதோமிர் போனைத் துண்டில் சுற்றி அழுக்குக் கூடையில் போட்டான். கூடைக்குள் அது அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அடித்தது. தெசாங்கா ஒரு தடவை எடுத்து, "அவரு துவைச்சிட்டிருக்காரு தம்பி," என்று சொல்லி வைத்துவிட்டாள். ஏப்ரலில் ஈஸ்டர் வந்தது. வருஷா வருஷம் தெசாங்கா சாயம் போடுகிற முதல் சிவப்பு முட்டை தூன்யாவுக்குத்தான். அந்த முதல் முட்டையைத் தின்பதில்லை, அடுத்த ஈஸ்டர் வரைக்கும் வீட்டுக்குக் காவலாக வைத்திருப்பார்கள். விதோமிர் பஸ் ஏறி மலையைத் தாண்டிப் போய், அதைக் குழந்தையின் கையிலேயே வைத்துவிட்டு வருவான். அந்த வருஷமும் தெசாங்கா சாயம் போட்டாள். முட்டை ஜன்னலிலேயே இருந்தது.

ஈஸ்டருக்கு மறுநாள் என் போன் அடித்தது. நெபோய்ஷா.

"ஸ்தமெனா அத்தை, கூமுக்கு என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகலியே. நல்லாத்தான் இருக்கான்."

"முட்டை வரல."

"வேலை ஜாஸ்தி தம்பி."

"முட்டை வரல அத்தை," என்று மறுபடி சொன்னான். குழந்தை பின்னால் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. நான் பேச்சை மாற்றி வைத்துவிட்டேன். அறுபத்துமூன்று வருஷம் இந்த மண்ணில் வாழ்ந்தவள், எங்களில் கூம் வராவிட்டால் அவன் ஏதோ ஆபத்தில் மாட்டியிருக்கிறான் என்றுதான் அர்த்தம் என்று தெரிந்தவள், எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

மே கடைசி வாரம் கணக்கு இப்படி நின்றது. நாங்கள் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் தப்புவோம். சமன் செய்தாலும் கீழேதான். யெலாவ்ட்ஸிக்குச் சமன் போதும், மேலே போய்விடும். ஊரில் எல்லாரும் விதோமிரைப் பார்க்கிற பார்வை மாறியது. ரொட்டிக் கடைக்காரன் மிச்சச் சில்லறையைத் தரும்போது, "நம்ம கையில என்ன இருக்கு, உன் கையிலதான் இருக்கு," என்றான். கல்லறைக்கு மெழுகுவத்தி வாங்கப் போன தெசாங்காவைப் பாதிரியாரின் மனைவி நிறுத்தி, "ஊருக்காக ஒரு வார்த்தை," என்றாள். நல்ல மனிதர்கள்தான் எல்லாரும். முதலாளி வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விதோமிர் விருந்தாளி அணியின் அறையைக் கூட்டித் துடைத்துப் பூட்டினான். அந்தச் சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு: அவனிடம், கிளப் தலைவரிடம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கூடையோடு வந்தேன். மரத்தில் விதோமிரின் முகம்.

அதே கறுப்புக் கரை, அதே சிலுவை. விதோமிர், வயது ஐம்பத்தெட்டு. தேதி எழுத வேண்டிய இடம் காலி. கூடையை அப்படியே கீழே வைத்தேன். உள்ளே போய்ச் சொல்லவா வேண்டாமா என்று நினைப்பதற்குள் அவனே வந்துவிட்டான். தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வழக்கம்போல நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்து, நாலாக மடித்தான்.

"தெசாங்காகிட்ட சொல்லாதீங்க."

"டேய், நீயும் அந்தக் கோச் மாதிரி இன்னைக்கே கெளம்பிப் போயிடுடா."

"யெலாவ்ட்ஸி பஸ் பதினொன்னரைக்கு வந்துரும்க்கா. அவன் பாக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்ல? அது போதும்." அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்தது. வேறு எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று மைதானச் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான். இல்லை.

பஸ் வந்தது. விதோமிர் விருந்தாளி அறையைத் திறந்து, கதவை உள்பக்கம் தள்ளிச் சுவரோடு சாய்த்து, தண்ணீர் பாட்டில்களை வைத்துவிட்டு, நெபோய்ஷா இறங்குவதற்கு முன்பே சலவை அறைக்குள் ஒளிந்துகொண்டான். யெலாவ்ட்ஸிக்காரர்கள் உடை மாற்றக் கதவைச் சாத்தினார்கள். கதவின் உள்பக்கத்தில், கண் மட்டத்தில், இன்னொரு தாள் இருந்திருக்கிறது.

மரத்தில் ஒட்டியது விதோமிருக்கு. கதவில் ஒட்டியதுதான் ஆட்டத்துக்கு. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியபோது இருந்த கூட்டம் என் ஆயுசில் பார்த்ததில்லை. இரண்டு கூடை விதை முதல் அரை மணியிலேயே தீர்ந்தது. கேட்டை விட்டு உள்ளே போய் வேலியோரம் நின்றேன். நெபோய்ஷா எதிரணிக் கோலில் நின்றான். விதோமிர் பெஞ்சின் கடைசியில், மடியில் துண்டோடு, தரையைப் பார்த்துக்கொண்டு. நெபோய்ஷா தலையைத் திருப்பித் திருப்பி அவனையே பார்த்தான். விதோமிர் ஒரு தடவைகூட நிமிரவில்லை. நிமிர்ந்தால் அது கேட்டதாகிவிடும் என்று பயந்தான் பாவி மனுஷன்.

ஆனால் ஆடினான் நெபோய்ஷா. ஐயோ, எப்படி ஆடினான்! பாய்ந்து பிடித்தான், காலால் தடுத்தான், ஒரு பந்தை முகத்தால் தடுத்து ரத்தம் வழிய எழுந்து நின்றான். அவனைத் திட்டிக்கொண்டே எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். எண்பது நிமிஷம் சைபருக்குச் சைபர். மேலே கண்ணாடி அறையில் மியோத்ராக் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எண்பத்தெட்டாவது நிமிஷம், எங்கள் பையன் ஒருத்தன் இருபது மீட்டரிலிருந்து உதைத்தான். உதையா அது! என் பேரன் அதைவிட நன்றாக உதைப்பான். புல்லில் உருண்டு வந்தது பந்து. நெபோய்ஷா பெஞ்சைப் பார்த்தான். கடைசியாக ஒரு தடவை. விதோமிரின் தலை குனிந்தேதான் இருந்தது. நெபோய்ஷா மண்டியிட்டான், கையை விரித்தான். பந்து அவன் இரண்டு கைக்கும் நடுவில் உருண்டு கோட்டைத் தாண்டியது.

ஸ்டாண்டு அதிர்ந்தது. தெசாங்காவின் அறையில் காரை உதிர்ந்திருக்கும். பக்கத்தில் நின்றவன் என்னைத் தூக்கிச் சுற்றினான். இறக்கி விடுடா என்று அவன் முதுகில் குத்தினேன். மைதானத்தில் இரண்டே பேர் அசையாமல் இருந்தார்கள். ஒருத்தன் கோலில் மண்டியிட்டபடி, ஒருத்தன் பெஞ்சில்.

யெலாவ்ட்ஸி பஸ் நெபோய்ஷாவை விட்டுவிட்டே போனது. அவன் பையை ஜன்னல் வழியாக ரோட்டில் எறிந்தார்கள். அவர்கள் கோச் அவன் காலடியில் துப்பினான். உள்ளே எங்கள் ஆட்கள் தாரை தப்பட்டை முழங்க, முழுப் பன்றி சுட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நெபோய்ஷா என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். விதோமிர் வந்து எதிரில் நின்றான்.

"ஏன்டா? நான் கேக்கலியேடா. நான் கேக்கவே இல்லியே!"

"நீங்க கேட்டிருந்தா, கூமே, நான் உங்களோட சண்ட போட்டிருப்பேன். காலப் புடிச்சிக் கெஞ்சியிருப்பேன். வேற வழி பாப்போம்னு சொல்லியிருப்பேன்." அவன் குரலில் கோபமே இல்லை; களைப்புதான். "நீங்க வரல. போன எடுக்கல. முட்டை அனுப்பல. அப்பறம் கதவுல உங்க முகம். வாயத் தொறந்து கேக்கக்கூட முடியாத எடத்துல உங்கள வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். நான் வேற என்ன நெனைப்பேன்?"

"எந்தக் கதவுல?" என்றான் விதோமிர்.

நெபோய்ஷா பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தான். விதோமிர் அதைப் பிரித்துப் பார்த்தான். நடைபாதையில் கூமின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காப்பாற்றத்தான் ஒதுங்கினான், அந்த ஒதுங்கலே கழுத்தறுத்தது.

அப்போதுதான் மியோத்ராக் வெளியே வந்தார். கையில் பிராந்திக் கிளாஸ். குனிந்து இருவர் தோளிலும் கை போட்டார்.

"கூம்னா இப்படி இருக்கணும். பாத்து எனக்கே கண்ணு கலங்குது." உண்மையாகவே கண் ஈரமாகத்தான் இருந்தது. "நெபோய்ஷா, கவலப்படாத. வேற கிளப்புல உனக்கு எடம் பாக்கறேன். எந்த கிளப்பா இருந்தா என்ன, நம்ம லீக்தான. வருஷத்துக்கு ரெண்டு தடவ நம்மளோட ஆடுவ." விதோமிரின் கன்னத்தை லேசாகத் தட்டினார். "புனித நிக்கோலாவுக்கு நான் வருவேன் விதா. இனி வருஷா வருஷம். உன் வீட்டுக் கதவு தொறந்துதான இருக்கும்?"

உள்ளே போய்விட்டார். விதோமிர் அவர் போன கதவையே வெகுநேரம் பார்த்தான். பிறகு நெபோய்ஷாவின் கையுறைகளைக் கேட்டு வாங்கினான். "துவைச்சித் தரேன்," என்றான். சாயங்காலம் நெபோய்ஷா பஸ் ஏறும்போது, ஈரம் காயாத கையுறையைக் கையில் வைத்து, அவன் நெற்றியில் முத்தம் கொடுத்து அனுப்பினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது, பதினாறு சட்டையும் துவைத்துக் கொடியில் வரிசையாகத் தொங்கின. கோல்கீப்பர் சட்டை தனியாக. இரண்டு பெட்டியோடு தெசாங்கா வாசலில் நின்றாள். விதோமிர் மரத்தடியில் நின்று பசை தடவிக்கொண்டிருந்தான்.

தன் முகத்தைத் தானே ஒட்டினான். மரத்திலிருந்து உரித்த அதே தாள். சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவிவிட்டான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் முந்தின நாள் தேதியை எழுதினான்.

"பைத்தியமாடா உனக்கு? உயிரோட இருக்கறப்ப இப்படியெல்லாம் செய்யக் கூடாதுடா."

"நான் இருக்கற வரைக்கும் அவன் கழுத்துல கயிறு இருக்குக்கா. நுனி அவரு கையில." பேனாவை மூடினான். "கூமை உதறவும் கூடாது. அது பாவம். செத்தாத்தான் விடுதலை."

மரத்தில் முகம் ஏறினவனை எங்கள் ஊரில் யாரும் தேட மாட்டார்கள். கதவில்லாத வீட்டுக்கு விருந்துக்குப் போகவும் முடியாது. சாவிக்கொத்தை என் ஸ்டூலில் வைத்தான். கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்து, யாரிடம் எப்போது தர வேண்டும் என்று காதில் சொன்னான். எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதையும் சொன்னான். அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

பஸ் கிளம்பியது. முப்பத்தொரு வருஷம் மற்றவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினவள் பஸ்ஸுக்குள் இருந்தாள். நான் ஓடிப்போய்ச் சலவை அறை வாளியை எடுத்து வந்து ரோட்டில் ஊற்றினேன். முக்கால்வாசி என் காலிலேயே கொட்டிக்கொண்டது.

டிசம்பர் பத்தொன்பது வந்தது. ஸ்டாண்டுக்கு அடியில் இரண்டு அறையும் பூட்டியிருந்தன. காலையில் நெபோய்ஷாவின் கார் வந்தது. அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான். மலையில் மர ஆலையில் வேலை. தூன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றான். ஏழு மாத வெயிலிலும் மழையிலும் தாள் வெளுத்திருந்தது. விதோமிர் எழுதின தேதி மட்டும் தெரிந்தது. நெபோய்ஷா தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டு, செத்தவர்களுக்கு ஏற்றுகிற மெழுகுவத்தியை ஏற்றி மரத்தின் வேரில் வைத்தான்.

எதிர்ப்பக்கம் கறுப்பு வண்டி நின்றிருந்தது. அவன் அதைப் பார்த்தபடியேதான் ஏற்றினான்.

பிறகு என்னிடம் வந்தான். "நூறு கிராம் பூசணி விதை அத்தை." காகிதத்தைச் சுருட்டும்போது உதடு அசையாமல் கேட்டான்: "இருக்காரா?"

கைக்குட்டையிலிருந்து எடுத்த சிவப்பு முட்டையைக் காகிதப் பொட்டலத்தின் அடியில் வைத்து, மேலே விதையைக் கொட்டி, தூன்யாவின் கையில் கொடுத்தேன். "அடிய புடிச்சுக்கோ கண்ணு. வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்கணும்," என்றேன். நெபோய்ஷா பொட்டலத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டான்.

கறுப்பு வண்டி மெதுவாக ரோட்டைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஸ்தமெனா, குழந்தை கையில என்ன குடுத்த?"

"விதை, முதலாளி."

"விதையா?"

"விதைதான். வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

என்னைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். "எவ்வளவு வருஷமா இங்க உக்காந்திருக்க நீ?" என்று மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து, தினமும் காலையில் ஸ்டூலைப் போடுவதற்கு முன்னால் நான் மரத்தைப் பார்க்கிறேன்.